ஜெபசீலனின் ஏர் ஃபில்டர்

"இருக்கறதுலேயே அதிகமா சத்தம் போடறது எது?" என்று கேட்டார் ஜெபசீலன்.

மெக்கானிக் சின்னப்பன் பானெட்டுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

"இன்னா சார் கேட்டே?"

"ஏர் ஃபில்டரைத்தான். நல்லா சத்தம் போடணும்."

ஜெபசீலனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவியை இழந்தவர். இன்ஷூரன்ஸ் சர்வேயர். எங்கே வண்டி மோதினாலும் பார்க்கப் போகவேண்டும். எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

அந்த எண்பத்தாறு மாடல் மாருதி அவர் மகனுடையது. இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத்தில் ஓட்டும் ஆசையில் அவன் இன்ஜினை வேகமாக்கி வைத்திருந்தான். பிறகு கல்யாணம் நடந்தது. கப்பலில் வேலை கிடைத்தது. காரையும் புது மனைவி ஞானஜோதியையும் சேலையூரில் அப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

சின்னப்பன் இரண்டு ஃபில்டர்களை எடுத்து வைத்தார்.

"இது பழைய டப்பாவுக்குள்ளயே உக்காரும். இழுவை கொஞ்சம் கூடும். சத்தம் வராது. இது திறந்த டைப்பு. டப்பாவே கிடையாது. காத்து நேரா இன்ஜினுக்குள்ள பூடும், சத்தமும் வரும். ஆனா கேம்ப் ரோட்டுத் தூசி மொத்தமும் இது மேலதான். அடிக்கடி கழட்டிக் கழுவணும். உன் வயசுக்கு முதல்ல சொன்னதே போதும் சார்."

"திறந்தது எவ்வளவு தூரம் கேட்கும்?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்தவச்சலம் சிரித்தார். ஸ்கூட்டருக்குப் பஞ்சர் போட வந்தவர். ஜெபசீலனின் பக்கத்து வீட்டுக்காரர்.

"பையனோட பைத்தியம் அப்பாவுக்கும் ஒட்டிக்கிச்சு போலிருக்கே!"

ஜெபசீலன் அவர் பக்கம் திரும்பவில்லை. "எங்க தெருமுனையில வந்தா வீட்டுக்குள்ள கேட்குமா, சின்னப்பா?"

"ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிச்சா கேக்கும். மெதுவா போனா சாதாரணமாத்தான் இருக்கும்."

"சைலன்சரை மாத்தினா?"

"அது எந்நேரமும் கத்தும். போலீஸும் புடிப்பான்."

"அப்ப இந்தத் திறந்த டைப்புதான்."

பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு போய்விட்டது.

"சார், உங்க மருமக சொந்த ஊர் நாசரேத்துக்கே போயிடறேன்னு என் வீட்டுக்காரிகிட்ட அழுதிருக்கு. அந்தப் பொண்ணு இங்கே தங்கறதுக்கு ஒரு வழி பார்க்காம, வண்டிக்குச் சத்தம் தேடிக்கிட்டிருக்கீங்களே, நல்லாவா இருக்கு?"

"தெரியும் சார். திங்கட்கிழமைக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு," என்றார் ஜெபசீலன். "அதுக்குள்ள எப்படியாவது அவளை இருக்க வைக்கணும். சின்னப்பா, இன்னைக்கே மாட்டிடு."

பக்தவச்சலம் சின்னப்பனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, ஃபில்டரைக் கழுவ வந்தார் ஜெபசீலன்.

"உன் தெருவே உன்னைத் திட்டுது சார்," என்றார் சின்னப்பன். "முனையில வந்ததும் உறும வுடறியாமே. பக்தவச்சலம் சார் இங்க வந்து என்னைப் புடிச்சுக் கத்திட்டுப் போனாரு."

"திட்டட்டும்."

"மருமவ ஊருக்குப் பூட்ச்சா?"

"இல்லையே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டோம்."

"இந்த சத்தத்துலயா?"

ஜெபசீலன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எப்ப வருவேன்னு சொல்ல முடியாதில்ல? ஒரு நாள் மத்தியானமே போயிட்டேன். ஹால்ல ஃபேனுக்குக் கீழே காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்துப் பதறி எழுந்ததுல கண்ணாடி டம்ளர் உடைஞ்சு கால்ல குத்திடுச்சு. அதுக்கப்புறம் ஹாலுக்கே வர்றதில்லை. நாள் முழுக்க சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு சமையல்கட்டுலேயே உட்கார்ந்திருப்பா. அங்கே ஃபேன்கூடக் கிடையாது. அதான் ஊருக்குப் போறேன்னா."

"நீ பாட்டுக்கு உக்காரும்மான்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். அதையும் எழுந்து நின்னுதான் கேட்டா."

சின்னப்பன் சிரித்துவிட்டார்.

"இப்ப முனையில ஓங்கி மிதிப்பேன். அப்புறம் மெதுவா ஓட்டிக்கிட்டு வருவேன். நான் கேட்டைத் திறக்கறதுக்குள்ள அவ எழுந்து தலையை முடிஞ்சுக்குவா. மத்த நேரமெல்லாம் ஹால் அவளோடது."

"அடப் போ சார்! இதுக்கா இன்ஜினுக்குள்ள தூசி போவ வுட்டே? முனையில ரெண்டு தபா ஹார்ன் அடிச்சா வேலை முடிஞ்சுது."

"ஹார்ன் அடிச்சா, ‘நான் வரேன், எழுந்திரு’ன்னு மாமனார் சொல்றதா ஆயிடும்ப்பா. இப்ப பாரு, ‘உங்க மகன் வண்டி ரொம்பக் கத்துது மாமா’ன்னு அவளும் வண்டியைத்தான் திட்டறா!"