பத்துச் சொற்கள்

ரக்பி அணியில் ஓரக்கோட்டை ஒட்டி ஓடுகிறவன் துஷ்யந்தன். ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் அணியின் டொக்டர் பத்துச் சொற்களை வாசிப்பார். அவன் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனை மறுபடி நடக்கும். முன்பைவிடக் குறைந்தால் வெளியே உட்கார வேண்டியதுதான். அதனால் பதினொரு வருடமாக, பருவத்தின் முதல் சோதனையில், ஞாபகம் இருந்தும் நாலு சொற்களைச் சொல்லாமல் விழுங்கிவிடுவான். அடிபட்ட நாட்களிலெல்லாம் அந்தத் தந்திரம்தான் அவனைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்பியது.

இது கடைசிப் பருவம். “இந்த முறையாவது ஒளிக்காமல் சொல்லுங்கோவன்,” என்று காலையில் மனைவி வாசுகி கேட்டிருந்தாள்.

டொக்டர் வாசித்து முடித்தார். துஷ்யந்தன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். எலுமிச்சை, கதவு, குதிரை, சவர்க்காரம், மழை, விரல். ஏழாவது சொல்லைத் தேடினான்; வரவில்லை.

டொக்டர் தாளில் குறித்துக்கொண்டார். “வழக்கம்போல ஆறு. ஒரு மாற்றமும் இல்லை. நீர் விளையாடலாம்.”

துஷ்யந்தன் எழுந்திருக்கவில்லை.

“மிச்சம் நாலையும் ஒருக்கா சொல்லுங்கோ டொக்டர்.”

அவர் நிதானமாகச் சொன்னார். அந்த அறையில் அவற்றை யாரும் சொல்லிக் கேட்ட ஞாபகமே அவனுக்கு இல்லை.