பெயர் மட்டும் வேறு

"பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கிறேன். 'வருத்தமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

வெர்னா போட்ட சத்தத்தில் வரவேற்பறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த லெனோர் மட்டும் அசையவில்லை. சட்டசபையின் பொதுமக்கள் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஹோல்கமின் செயலாளர் அவள்.

"தலைவர் யாரையும் பார்க்கறதில்ல மேடம்."

"எனக்கு அவரே கையெழுத்துப் போட்டு லெட்டர் எழுதியிருக்காரு. பாரு!"

மூன்று மாதத்துக்கு முன் சூப்பர் மார்க்கெட்டில் ஒருவன் கண்மண் தெரியாமல் சுட்டான். கல்லாவில் உட்கார்ந்திருந்த வெர்னாவின் மகள் டார்லாவோடு ஐந்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். துப்பாக்கி அவன் மாமா வீட்டு அலமாரியில் பூட்டாமல் கிடந்தது.

ஊரே மெழுகுவத்தி ஏற்றியது. ஆனால் வெர்னா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தது ஹோல்கமின் கடிதத்தை மட்டும்தான். 'செய்தி கேட்ட அன்று காலை உணவைத் தொடக்கூட என்னால் முடியவில்லை' என்ற வரி வந்தாலே அழுதுவிடுவாள். அவ்வளவு பெரிய மனிதர், தன் பெண்ணுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறாரே!

அந்த நம்பிக்கையில்தான் இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற மசோதா நாலு வருஷமாக அவர் குழுவில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

லெனோர் கடிதத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"பத்திரமா வெச்சுக்குங்க. அந்தத் துப்பாக்கி மசோதா ஒருவழியா வியாழக்கிழமை விசாரணைக்கு வருது. பொதுமக்களும் பேசலாம். வரும்போது இதையும் எடுத்துட்டு வாங்க. இங்க பேர் எழுதுங்க."

ஒரு படிவத்தை நகர்த்திவிட்டுத் திரும்பவும் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கல்லு!" என்று அவள் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வெளியேறினாள் வெர்னா.

வியாழக்கிழமை. கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் ஏற்கனவே ஐந்து பெண்கள் இருந்தார்கள்.

"நீயும் லெட்டர் கொண்டாந்திருக்கியாம்மா?" என்றாள் ஒலேத்தா. தேவாலயத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் மகனை இழந்தவள். "யாரோ ஒரு பொம்பளை எங்க எல்லாருக்கும் போன் பண்ணா. 'லெட்டரை எடுத்துக்கிட்டு வாங்க'ன்னா. பேர் கேட்டேன், டொக்குனு வெச்சுட்டா."

கடிதங்கள் கை மாறின.

வெர்னா ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்தக் காலை உணவு எல்லாக் கடிதத்திலும் இருந்தது.

"பாவம், எத்தனை நாள்தான் பட்டினி கிடப்பாரு மனுஷன்?" என்றாள் ஒலேத்தா.

உள்ளே ஹோல்கம் குரல் தழுதழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தாய்மாரோட துக்கம் என் துக்கம். ஆனா துக்கத்துல அவசரப்பட்டுச் சட்டம் போடக் கூடாது."

வெர்னா மைக் முன்னால் போனாள். எழுதி வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்தாள். கடிதத்தைப் படித்தாள்.

ஹோல்கம் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பெஞ்சில் இருந்தவர்களில் அடுத்து வந்த ஷியோமாராவும் தன் கடிதத்தைப் படித்தாள். அதே வரிகள். ஹோல்கமின் கண் திறந்தது.

மூன்றாமவள் காலை உணவு வரியைப் படித்தபோது பார்வையாளர் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

"போதும், போதும். எழுத்து மூலமா கொடுத்துட்டுப் போங்க" என்றார் ஹோல்கம்.

ஒலேத்தா எழுந்தாள். தேவாலயத்தில் முப்பது வருஷம் பாடிய குரல். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. காகிதத்தையும் பார்க்கவில்லை. இரண்டாவது வரியில் வெர்னா சேர்ந்துகொண்டாள். அப்புறம் ஆறு பேரும் நின்றுகொண்டு ஒரே குரலில் சொன்னார்கள். பிள்ளையின் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஆறு பெயர்கள் ஒன்றோடொன்று மோதி அந்த அறையை அதிர வைத்தன.

ஓட்டெடுப்பு. நாலுக்கு நாலு.

"தலைவரோட ஓட்டு?" என்றார் ஓட்டுக் குறித்துக்கொண்டிருந்த அலுவலர்.

ஹோல்கம் தண்ணீர் குடித்தார். அத்தனை கேமராக்களும் அவர் பக்கம் திரும்பின. ஆறு பெண்களும் இன்னும் உட்காரவில்லை.

"ஆதரவு" என்றார்.

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். ஒலேத்தா வெர்னாவை அப்படியே தூக்கிவிட்டாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தன் சிரிப்புச் சத்தம் வெர்னாவுக்கே கேட்டது.

வராந்தாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நடுவில், தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு லெனோர் வந்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்க."

"ஏய், நில்லு!" ஒலேத்தா அவள் கையைப் பிடித்தாள். "போன்ல பேசினது இந்தக் குரல்தான்!"

வெர்னா திகைத்துப் போனாள். "நீயா? அப்புறம் ஏன் அன்னிக்கு எங்கிட்ட ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லல?"

"அந்த வார்த்தைகளை அடிச்சு அடிச்சுக் கை மரத்துப் போச்சு மேடம். அதை வாயாலயும் சொல்லணுமா?"

"எல்லா லெட்டரும் நீ அடிச்சதா?"

"ஒண்ணைத் தவிர."

"எதை?"

லெனோர் பெட்டியைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"முதல் லெட்டர். அது எட்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வந்தது."