படத்தில் இருப்பவர்

"இது நாங்க அனுப்புனது இல்லீங்க, ஓட்டு கேக்குற நோட்டீஸு!" காலையிலிருந்து நூறு தடவை சொல்லித் தாசில்தார் மங்கையர்க்கரசிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டு, வேட்பாளர் ஒருவர் வீடுவீடாக இலவச வீட்டுமனை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தார். பொறுக்கமாட்டாமல், மனை கேட்டு வரிசை நின்ற அலுவலக வாசலுக்கு வந்து, ஒரு கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக் கத்தினாள்.

மூன்றாம் நாள் அடுத்த கடிதம் வந்தது. அதில் அவள் படம், கடிதத்தைத் தூக்கிப் பிடித்தபடி. அடியில், விதிப்படி, எறும்பளவு எழுத்தில்: 'படத்தில் இருப்பவருக்கும் இதற்கும் தொடர்பில்லை.'

"நீங்களே தூக்கிக் காட்டிட்டு இப்ப இல்லேங்கறீங்களேம்மா?" என்றார் வரிசையில் முதலாவதாக நின்றவர்.

"கீழ போட்டிருக்கு, படிங்கய்யா!"

"கண்ணாடி எடுத்தாரலீங்க."

மங்கையர்க்கரசி அந்தக் கடிதத்தைப் பிடுங்கி, எல்லோருக்கும் தெரியட்டுமென்று இன்னும் உயரத் தூக்கினாள். வரிசையின் பின்னாலிருந்து ஒரு போனும் உயர்ந்தது.