கங்காணியார் நடந்த நடை

டொக்டர் நப்லா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்ததும் ரெங்கசாமிக் கங்காணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நடை பிரமாதமாம். மேடு பள்ளம் பாராமல் ஏறி இறங்கியிருக்கிறாராம். பார்க்கின்சன் வந்தவர்களில் இப்படி நடக்கிற ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

எங்கே பார்த்திருக்கப்போகிறார்? அத்தனை மேட்டையும் ஏறியது கங்காணியின் மனைவி விஜயலெட்சுமி.

நடுங்குவது இடது கைதான். வலது கைக்கும் பரவுகிறதா, சொல்லிக்கொடுத்த நடைப்பயிற்சியைச் செய்கிறாரா என்று பார்க்க, பதுளைக் கிளினிக்கில் வலது மணிக்கட்டில் ஒரு சென்சார் பட்டியைக் கட்டி அனுப்பினார்கள். கங்காணி மறுநாளே அதை மனைவி கையில் மாட்டி, கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிட்டார். இராப்பகலாகக் கழற்றக்கூடாது என்பது கட்டளை. அதை மட்டும் அட்சரம் பிசகாமல் அவளிடம் நிறைவேற்றினார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆயுள் முழுக்க, விடியலில் தோட்டத்து ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு, மற்றவர்களை மலையேற்றிச் சம்பளம் வாங்கிய மனுஷர். லயத்து வரிசை வீட்டுச் சனம் வேடிக்கை பார்க்க, கையை வீசிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பழகுவாரா?

ஒழுங்காக நடக்காவிட்டால் பண்டாரவளைக்கே கூட்டிப்போய்விடுவேன் என்று மகள் சுதர்ஷினி வேறு மிரட்டியிருந்தாள். மருமகன் வீட்டுச் சோறு கங்காணிக்கு இறங்குமா? நல்லவேளை, தப்பித்தார்.

டொக்டரம்மாவின் சிரிப்புத்தான் பாதியில் நின்றது.

சாயந்தரம் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் வலது கையும் நடுங்குகிறது என்றார். இது நடக்கிற அசைவோ குளிரோ இல்லை, நோய்தான், மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்றார்.

கங்காணி தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கல்லு மாதிரிக் கிடந்தது.

பிறகு பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவளுடைய வலது கை முந்தானைக்குள் இருந்தது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாயந்தரத்தில் அந்தக் கையை அவர் ஒருநாளாவது பார்த்திருக்கிறாரா?

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கட்டும்.

“நான் ஒரு அடிகூட நடக்கலம்மா. பட்டி இவ கையிலதான் இருந்துச்சு. இவளப் பாருங்க.”

கங்காணி எழுந்து, நோயாளி உட்காரும் நாற்காலியை மனைவிக்கு விட்டார்.