நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“நூத்திப் பன்னெண்டாம் பக்கத்த இப்பப் பார்க்க முடியாதுக்கா. சார் அதத்தான் சரி பண்ணிக்கினு இருக்காரு” என்றார் நூலக உதவியாளர் தேவசகாயம்.

சவுரியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். திருவக்கரையில் நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். பார்க்காமல் திரும்பும் எண்ணம் இல்லை.

மகள் ஆரோக்கியசெல்வி மஞ்சள்காமாலையில் போன பிறகுதான் இந்த மிஷன் நூலகத்துக்கு வர ஆரம்பித்தாள். விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த பெண். வீட்டில் இப்போது இவள் மட்டும்.

கேட்பது ஒரே புத்தகம், ஒரே பக்கம். முதல் தடவையே எண்ணைச் சொல்லித்தான் கேட்டாள். காகிதத் தட்டுப்பாட்டில் எழுத்துகளைச் சிறிதாக வார்த்து அச்சடித்த காலத்து ஜெபப் புத்தகம் அது. தொட்டால் பொடிந்துவிடும் என்று எல்லாப் பக்கங்களையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டில் இருந்தது அடக்க ஜெபம்.

“அது எங்க மிஷன் புக்கு. நீங்க ஆர்.சி. உங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்க்கா” என்று சீண்டினார் தேவசகாயம்.

“படிச்சாத்தானே தப்பு? நான் பார்த்துக்கினு போறேன், அவ்ளோதான்.”

“கண்ணாடியும் கொண்டார்றதில்ல. அந்தப் பொடி எழுத்துல என்னாதான் தெரியுதோ உங்களுக்கு.”

அவர் வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. “சரி பண்ணும்போது அந்தப் பக்கம் இல்லாமப் பூடாதே?” என்றாள்.

“அதெல்லாம் பூடாது. குடிங்க.”

நூலகர் ராஜசேகர் அறைக் கதவைத் திறந்து கூப்பிட்டார். அந்த வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. போன தடவை, இவள் நிலை பார்த்து மனசு கேட்காமல், பீரோவிலிருந்து அசல் புத்தகத்தையே எடுத்துக் காட்டுவதாகச் சொன்னார். இந்த ஊரில் யாருக்கும் அவர் அப்படிச் சொன்னதில்லை. “வேணாம் சார், கம்ப்யூட்டரே போதும்” என்றுவிட்டாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. முடிஞ்சிடுச்சு.”

திரையில் பக்கம் பளிச்சென்று விரிந்தது. தாளின் பழுப்பு நிறம், பூச்சி அரித்த துளைகள், கடைசி வரி வரை எல்லாம் துல்லியமாக இருந்தன.

“முன்ன இருந்த படத்துல கீழ ரெண்டு வரி மறைஞ்சிருந்துச்சு இல்ல? மகள நெனச்சிக்கினு இவ்ளோ தூரம் வர்றீங்க. அந்த ஜெபம் அரைகுறையா இருக்கறது எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அதான் புக்கை வெளிய எடுத்து நானே புதுசாப் படம் புடிச்சேன். பாருங்க, ஆமென் வரைக்கும் இருக்கு.”

சவுரியம்மாள் திரையின் கீழ் மூலையையே பார்த்தாள். பிறகு அந்த இடத்தை மெல்லத் தொட்டாள்.

“பழசு எங்க சார்?”

“அழிச்சிட்டேம்மா. அது இனிமே எதுக்கு? விழுப்புரத்து கம்பெனியில படம் புடிச்ச ஆளு, கவனமே இல்லாம கட்டைவெரல படத்துக்குள்ள விட்டிருக்காங்க.”

“கம்பெனியில கேட்டா இருக்குமா?”

“அத மூடிட்டுப் போய்ட்டாங்க. வேற எங்கயும் கிடையாது. ஏம்மா?”

திரை மீதிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

“அது எம் பொண்ணு வெரலுங்க சார்.”