தும்பைதானா?

வரப்பில் பார்த்தீனியம் பிடுங்க செல்லக்கிளி வருகிறாள் என்றதுமே தும்பைச் செடிக்கு வேர்வரை நடுங்கியது. பக்கத்தில் நின்றதே ஒரு பார்த்தீனியம்தான். அதற்கும் வெள்ளைப் பூ.

"என்னையும் நீன்னு நெனச்சுப் பிடுங்கிருவாளோ?"

"பேசாம தலையைக் குனிஞ்சுக்க" என்றது பார்த்தீனியம்.

தும்பைக்கு மனசு கேட்கவில்லை. செல்லக்கிளி குனிந்ததும் தன் பூக்களை அவள் கைமேல் சாய்த்தது. அவள் ஒரு பூவை உருவி அடியை உறிஞ்சினாள். தித்தித்தது.

"அட, நம்ம தும்பை."

போன உயிர் திரும்பி வந்தது தும்பைக்கு.

"பிள்ளைக்குச் சளி. ஆவி பிடிக்க ஆகும்" என்று அதை வேரோடு பிடுங்கி மடியில் செருகினாள். பார்த்தீனியத்தை நோக்கி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "வெறுங்கையில தொட்டா அரிக்கும் சனியன். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

மடியிலிருந்து தும்பை திரும்பிப் பார்த்தது. குனிந்த தலையை மெல்ல நிமிர்த்திக்கொண்டிருந்தது பார்த்தீனியம்.