கஞ்சியில் கலந்தது

கிறிஸ்துராஜ் கண்ணயர்ந்ததும், அமலராணி இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவன் கஞ்சியில் கொட்டிக் கலக்கினாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரி வார்டில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

"ஏங்க, எந்திரிங்க. ஒரு வாய் குடிச்சிட்டுப் படுங்க."

மஞ்சள் பூத்த கண்களைத் திறந்து அவளையே பார்த்தான். அந்தப் பார்வை வீட்டுக்குப் போனாலும் விடாது. கண்ணை மூடினால் எதிரே வந்து நிற்கும். எதற்கு இப்படிப் பார்க்கிறாரோ என்று நினைத்தபடியே கஞ்சியை நீட்டினாள். அவனோ ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தான்.

விஷமா வைத்தாள்? ஐயோ பாவம், குடியை மறக்கடிக்கும் மூலிகைப் பொடி அது! "குடிக்கிறவருக்குத் தெரியாமக் குடுக்கணும்மா. தெரிஞ்சா பலிக்காது" என்று சந்தையில் விற்றவன் சொல்லியிருந்தான். சாம்பாரில், வெஞ்சனத்தில் என்று கலந்து வந்தாள். மாதம் முழுக்க வருமென்ற டப்பா பாதியிலேயே தீர்ந்தபோதெல்லாம், விற்றவனை வைதுகொண்டே அடுத்ததை வாங்கினாள்.

பலித்தது. பூ மார்க்கெட்டில் வண்டி ஓட்டும் மனுஷன், தவக்காலத்திலிருந்து மதுக்கடைப் பக்கமே போகவில்லை. இப்போது காமாலையில் விழுந்ததும், திருட்டுத்தனமாகக் குடித்திருப்பான் என்றது ஊர். அவளும் நம்பினாள். விடுவாளா? பொடியை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டாள்.

டாக்டர் கௌசல்யா ரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தார். "இங்க சேர்ந்த பிறகும் ஈரல் கெட்டுக்கிட்டே போகுது. குடியால வந்த மாதிரி தெரியல. நாட்டு மருந்து, மூலிகைப் பொடி எதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"இல்லங்க டாக்டர்" என்றான் கிறிஸ்துராஜ்.

"மறைச்சா உயிருக்கே ஆபத்து."

மிச்சப் பொட்டலத்தை நீட்டியபடி அமலராணி டாக்டர் காலில் விழுந்தாள்.

"நான்தான் பாவி! அவருக்கு ஒன்னும் தெரியாது. மாசக்கணக்கா தெரியாமக் கலந்து குடுத்தேன்!"

டாக்டர் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, "மதுரைக்குக் கொண்டுபோகணும், ஆம்புலன்ஸ் சொல்லுங்க" என்று நர்ஸைக் கூப்பிட்டபடி ஓடினார்.

"என்னைய மன்னிச்சிருங்க..." அவன் கையைப் பிடித்துக் கதறினாள் அமலராணி.

அவன் அவள் தலையைத் தடவினான்.

"அழுவாத ராணி. குடிக்கணும்னு தோணுன அன்னைக்கெல்லாம், நானே அந்த டப்பாவத் தேடி எடுத்து அள்ளித் தின்னேன்."